கூப்பிடுகிறவள் உட்காரும் இடம்

காட்டு வான்கோழிச் சேவல் முதல் தடவை கூவியபோது மணி காலை ஐந்து முப்பத்தெட்டு.

மரம் ஏற்றும் லாரிகள் முன்பு போய்வந்த மண்பாதையில் நாங்கள் நின்றிருந்தோம். கிழக்கே வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு என் தம்பி ஆர்லிஸைப் பார்த்தேன். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். நடக்கவில்லை.

முன்பெல்லாம் கூவல் அடங்குவதற்குள் அவன் நடக்க ஆரம்பித்திருப்பான். நான் பின்னால் ஓட வேண்டும்.

"என்ன நிக்கிற?" என்றேன்.

"நீ முன்னால போ, வெஸ். அக்காவுக்கு மரியாதை."

"அறுபத்தோரு வருஷமா இல்லாத மரியாதை."

"லேட்டா வந்தாலும் வந்துச்சுல்ல. நட."

நான் நடந்தேன். அவன் என் இடப்பக்கம் வந்து சேர்ந்துகொண்டான். கொஞ்ச தூரம் போனதும் வேண்டுமென்றே அவனுடைய மறுபக்கத்துக்கு மாறினேன். பத்தடி கழித்து அவன் பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தான். எழுந்தபோது மறுபடியும் எனக்கு இடப்பக்கம் இருந்தான்.

ஜனவரியிலிருந்தே எனக்குச் சந்தேகம். அப்போதுதான் அவன் சர்ச்சில் பதினெட்டு வருடம் உட்கார்ந்த பெஞ்சை விட்டு இடது ஓரத்துக்கு மாறினான். ஏன் என்று கேட்டதற்கு, ஜன்னல் பக்கம் காற்று வருகிறது என்றான். ஜனவரியில். வெளியே பனிமழை பெய்து கிளைகள் எல்லாம் கண்ணாடியாக உறைந்திருந்தன. அந்த ஓரத்தில் உட்கார்ந்தால் ஊர் மொத்தமும் அவனுக்கு வலப்பக்கம்.

பீப்பாய்க்குப் பலகை அறுக்கும் ஆலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தான். ரம்பம் அவனுக்கு இடப்பக்கம் ஓடியது. வலத் தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுகிறவனுக்குக் குழாயின் வாய்ப்பக்கம் இருப்பதும் இடக்காதுதான். இரண்டும் சேர்ந்து அந்தக் காதைத் தின்றுவிட்டன என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஒரு காது இருந்தால் கூவல் கேட்கும். எங்கிருந்து கூவுகிறது என்பது கேட்காது. அதற்கு இரண்டும் வேண்டும். வான்கோழி வேட்டையில் எங்கிருந்து என்பதுதான் எல்லாமே.

எனக்கு அவசரம் ஒன்று இருந்தது. சனிக்கிழமை ஆர்லிஸ் எங்கள் சர்ச்சுக்குப் புதிதாக வந்திருக்கும் போதகரைக் காட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். பிரதர் லோவெல். கன்சாஸ் சிட்டிக்காரர். இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். வேட்டைக்குப் போனதே இல்லை. ஆர்லிஸ் முன்னால் துப்பாக்கியோடு உட்காருவான். போதகர் பின்னால் இருந்து பெட்டை வான்கோழியின் குரலில் கூப்பிடுவார். நான் உட்காரும் இடத்தில் அவர்.

"பிரதர் கூப்பிடப் பழகிட்டாரா?" என்றேன்.

"மூடியத் தேய்ச்சா பெட்டை மாதிரி கத்துற மரப்பெட்டி ஒண்ணு வாங்கிருக்காரு. பிரசங்கம் எழுதுற ரூம்ல உக்காந்து தேய்க்கிறாராம்."

"எப்படி இருக்கு?"

"கதவிடுக்குல பூனை மாட்டுன மாதிரி. அவரு சம்சாரம் ஜெபக்குழுவுல சொல்லி அழுதுச்சாம்."

அடக்கிக்கொண்டு சிரித்தோம். காட்டில் அப்படித்தான் சிரிக்க முடியும். தோள் மட்டும் குலுங்கும்.

சேவல் மறுபடி கூவியது. மரப்பெட்டியில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். ஓடைக்கு அக்கரையில், சரிவின் பாதி உயரத்தில், ஏதோ ஒரு மரத்தில் இன்னும் அடைந்திருந்தது. இருநூறு கஜம் இருக்கும். அதற்கு மேல் நெருங்கினால் நம்மைப் பார்த்துவிடும். மரத்தில் உட்கார்ந்திருக்கிற பறவைக்குக் காடு முழுவதும் தெரியும்.

ஓடையைக் கடந்து அதன் பக்கமே போய்விடுவதுதான் சரி. சேவலுக்கும் நமக்கும் நடுவே தண்ணீரோ வேலியோ இருக்கக்கூடாது. பறக்கத் தெரிந்த பறவைதான். ஆனாலும் ஒரு சின்ன ஓடைக்கரையில் வந்து நின்று அரை நாள் யோசிக்கும். ஆனால் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கடக்க நேரமில்லை.

"இங்கயே உக்காரலாம்," என்றேன்.

ஆர்லிஸ் தலையாட்டினான். முன்பென்றால் வாதாடியிருப்பான்.

ஓடையைப் பார்த்திருந்த ஒரு சிவப்பு ஓக் மரத்தடியில் அவன் உட்கார்ந்தான். முதுகை விட அகலமான மரம். அதுவும் ஒரு விதி. பின்னாலிருந்து வருகிற இன்னொரு வேட்டைக்காரனின் குண்டை மரம் வாங்கிக்கொள்ளும். முழங்காலைத் தூக்கித் துப்பாக்கியை அதன்மேல் வைத்துக்கொண்டான். முகத்துக்கு வலையை இறக்கினான். அசைவு நின்றதும் அவன் அங்கே இல்லாதது போல் ஆனான்.

நான் அவனுக்கு நேர் பின்னால் முப்பது கஜம் போய் உட்கார்ந்தேன்.

எங்கள் முறை இது. சேவல் வருவது கூப்பிடுகிற பெட்டையைத் தேடி. அதன் கண் அவளைத்தான் தேடும். சுடுகிறவன் வழியில், அவளுக்கு முன்னால் இருப்பான். அவனை அது தேடாது. கூப்பிடுகிறவள் நேர் பின்னால் இருக்க வேண்டும். இடம் மாற வேண்டுமென்றாலும் அந்தக் கோட்டிலேயே பின்வாங்க வேண்டும். இருபத்தாறு வருடம் அப்படித்தான். அதனால் ஆர்லிஸ் ஒரு தடவை கூடத் திரும்பி என்னைத் தேட வேண்டியிருந்ததில்லை.

சவ்வை எடுத்து மேல்வாயில் ஒட்டிக்கொண்டேன். குதிரை லாடம் போல் வளைந்த சின்னத் தகடு. நடுவில் மெல்லிய ரப்பர். நாக்கால் அழுத்தி ஊதினால் பெட்டை பேசும். கைகள் இரண்டும் சும்மா இருக்கலாம். அதுதான் அதன் வசதி.

முதலில் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பெட்டையாக, மூன்றே மூன்று சின்னச் சத்தம். சேவல் உடனே பதில் சொன்னது. நான் பேசாமல் இருந்தேன்.

கூப்பிடத் தெரிந்தவர்கள் எங்கள் மாவட்டத்தில் நூறு பேர் இருப்பார்கள். நிறுத்தத் தெரிந்தவர்கள் பத்துப் பேர். பதில் வந்துவிட்டால் நாம் இருக்கிற இடம் அதற்குத் தெரிந்துவிட்டது. இனி அதன் பாடு. மேலும் மேலும் கூப்பிட்டால், பெட்டை என்னைத் தேடி வருகிறாள் என்று மரத்திலேயே உட்கார்ந்திருக்கும். காட்டில் வழக்கமாகப் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகிறாள். நாங்கள் அதனிடம் கேட்பது வழக்கத்துக்கு நேர் எதிர்.

ஆறு மணி தாண்டி அது இறங்கியது. சிறகடிப்பு கேட்டது. தரையிலிருந்து ஒரு கூவல். பிறகு இன்னும் அருகில் ஒன்று. பிறகு ஓடைக்கரையில் நின்றுவிட்டது.

நாற்பது நிமிடம் நின்றது.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அது தெரியவில்லை. சத்தம் மட்டும் தெரிந்தது. தோகை விரித்துக்கொண்டு அக்கரையில் மேலும் கீழும் நடந்தது. நெஞ்சுக்குள் உறுமும் அந்தத் தாழ்ந்த சத்தம் தண்ணீரின் மேல் வந்தது. ஒவ்வொரு தடவை நான் பேசும்போதும் கத்திப் பதில் சொன்னது. கடக்கவில்லை.

இதற்கும் வழி உண்டு. பெட்டை கோபித்துக்கொண்டு போக வேண்டும். கூப்பிடுகிறவள் மெல்லப் பின்வாங்கி, ஒவ்வொரு இடத்திலும் குரலைத் தணித்துக்கொண்டே போக வேண்டும். அவள் போகிறாள் என்று தெரிந்தால் அது ஓடையைக் கடக்கும்.

எழுந்து குனிந்தபடி திரும்பினேன். எனக்கு நேர் பின்னால், ஜனவரிப் பனிமழையில் சாய்ந்த வெள்ளை ஓக் ஒன்று கிளைகளோடு குறுக்கே கிடந்தது. உட்கார வந்தபோதே பார்த்திருந்தேன். பின்வாங்க வேண்டி வரும் என்று அப்போது யோசிக்கவில்லை. அதைச் சுற்றிப் போனால் சுள்ளி உடையும். தாண்டினாலும் உடையும். ஆர்லிஸுக்கு வலப்பக்கமாகச் சரிவில் நல்ல வெறுந்தரை. அங்கே மேலே ஏறி உட்கார்ந்தால் குரல் தூரமாய்க் கேட்கும்.

நான் அந்தப் பக்கம் போனேன்.

அவன் காதைப் பற்றி நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். ஆனால் அந்தச் சேவலின் குரல் மாறியிருந்தது. இரண்டு கூவல்களுக்கு நடுவே மூச்சு விடவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு தடவை என்றது அது. எனக்கு அது வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

ஆர்லிஸுக்கு நேர் வலப்பக்கம், ஐம்பது கஜம் தள்ளி, ஒரு ஹிக்கரி மரத்தடியில் உட்கார்ந்தேன். இப்போது அவன் முழங்காலும் துப்பாக்கிக் குழாயும் எனக்குத் தெரிந்தன. ஓடையும் தெரிந்தது. இடப்பக்கம், தூரத்தில், வெள்ளையாக நின்ற சைக்கமோர் மரத்தடியில் சேவலும் தெரிந்தது. தலை வெள்ளை, கழுத்து சிவப்பு. அக்கரையில்தான் நின்றது.

வலக்கை உறையைக் கழற்றினேன். விரல்களால் சருகைக் கிளறினேன். இரண்டு தடவை வேகமாக, நிறுத்தி, ஒரு தடவை மெதுவாக. பெட்டை மேய்கிற சத்தம் அதுதான். உறை போட்டுக்கொண்டு கிளறினால் அந்தச் சத்தம் வராது. கூடவே சவ்வில் மெல்ல ஒரு முனகல்.

சேவல் கூவியது. சைக்கமோர் மரத்தடியிலிருந்து. ஆர்லிஸுக்கு இடப்பக்கம்.

ஆர்லிஸ் வலப்பக்கம் திரும்பினான்.

வலத்தோளில் சுடுகிறவனுக்கு வலப்பக்கம் திரும்புவது கஷ்டம். இடுப்பைத் தூக்கி உடம்பையே திருப்ப வேண்டும். அசைவு தெரியும் என்பதால் நிச்சயமாகத் தெரியாமல் யாரும் செய்ய மாட்டார்கள். அவன் செய்தான். மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் திரும்பினான். இன்னொரு பறவையைப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து நான் எனக்குப் பின்னால் பார்த்தேன். சரிவு காலியாக இருந்தது.

மறுபடி அவனைப் பார்த்தேன். குழாய் நீளமாகத் தெரியவில்லை. வட்டமாகத் தெரிந்தது.

என் கை சருகின்மேல் இருந்தது. உறையில்லாத வெளுத்த கை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அசைந்துகொண்டிருந்த கை.

இப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கையை ஆட்டக்கூடாது. எழக்கூடாது. பறவைச் சத்தம் போடக்கூடாது. மனிதக் குரலில் உரக்கப் பேச வேண்டும். என் வாயில் சவ்வு இருந்தது. அதை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து காற்றை விட்டால் பெட்டைதான் பேசுவாள்.

துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டு விலகுகிற சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். பேனா மூடியைத் திறப்பது போல.

மூச்சை நிறுத்தினேன். நாக்கின் நுனியால் தகட்டின் ஓரத்தை நெம்பினேன். எச்சிலில் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி நெம்பினேன். அது பெயர்ந்து பல்லில் பட்டது. உதட்டைக் கொஞ்சமாகத் திறந்து மார்பில் விழவிட்டேன்.

"ஆர்லிஸ்," என்றேன். "நான் வெஸ்டா."

என் குரல் சாதாரணமாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பது போல.

குழாய் மேலே போனது. அக்கரையில் சேவல் பயந்து இரண்டு தடவை கத்திவிட்டு ஓடியது. அதன் காலடிச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

நான் எழுந்து அவனிடம் போனேன். முகவலையை மேலே தூக்கிவிட்டிருந்தான். துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துக்கொண்டிருந்தான். மூன்று தோட்டாக்கள். மூன்றாவது கையிலிருந்து நழுவிச் சருகில் விழுந்தது. தேடி எடுக்கவில்லை. நான் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

காட்டில் மற்ற பறவைகள் எல்லாம் கத்திக்கொண்டிருந்தன.

"நேர் பின்னாலதான் போகணும்," என்றான் அவன்.

"ஆமா."

"இருபத்தாறு வருஷமா நேர் பின்னாலதான்."

"ஆமா. தப்பு என்னோடது."

"மரம் கிடந்தா சுத்திப் போகணும். சுத்திப் போயி திரும்பவும் நேர் பின்னால வரணும். இத நான் உனக்குச் சொல்லணுமா?"

"ஆமான்னு சொல்லிட்டேன்ல, ஆர்லிஸ்."

அவன் சண்டைக்குத் தயாராக இருந்தான். நான் ஒத்துக்கொண்டதும் அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஓக் மரத்தடியிலேயே உட்கார்ந்தான். நான் அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன். பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். பன்றிக்கறி வைத்த பிஸ்கட் ரொட்டி. அவனுக்கு ஒன்று கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

"சேவல் எங்க இருந்துச்சு?" என்றேன்.

"உன் பக்கத்துல. அதான் திரும்புனேன். ஓடையத் தாண்டி மேல வந்துடுச்சு."

"அது தாண்டல."

"கேட்டேன் வெஸ். காதால கேட்டேன்."

"நான் கண்ணால பாத்தேன். அதோ அந்த சைக்கமோர் மரத்தடி. கடைசி வரைக்கும் அங்கதான் நின்னுச்சு."

அவன் அந்த மரத்தைப் பார்த்தான். பிறகு நான் உட்கார்ந்திருந்த ஹிக்கரி மரத்தைப் பார்த்தான். இரண்டும் எதிரெதிர்ப் பக்கம்.

"அப்ப ரெண்டு சேவல்," என்றான்.

"ஒண்ணுதான்."

"உனக்குத் தெரியாம இன்னொண்ணு இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம். நெஞ்சு மயிர் பாத்தியா?"

அது முதல் விதி. சேவலின் நெஞ்சில் தொங்கும் மயிர்க் கற்றையைக் கண்ணால் பார்க்காமல் பூட்டைத் திறக்கக்கூடாது. அதை அவனுக்குச் சொல்லித் தந்தது யார், எனக்குச் சொல்லித் தந்தது யார் என்பதெல்லாம் மறந்துவிட்டது. சாலையைக் கடக்கக் கற்றுக்கொண்டது போல அது.

"நான் பூட்டைத் திறக்கல," என்றான்.

"சத்தம் கேட்டுச்சு."

"திறக்கல."

"எனக்குக் கேட்டுச்சு, ஆர்லிஸ்."

அவன் ரொட்டியைப் பிட்டு ஒரு துண்டை வாயில் போட்டான். வெகுநேரம் மென்றான்.

"கை வெளுப்பா அசைஞ்சுது," என்றான். "நான் தலைன்னு..."

தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"காது எப்படி இருக்கு?" என்றேன்.

"என்ன காது?"

"உன் இடது காது."

"சளி. ஜனவரியில பிடிச்சது. உள்ள அடைச்சுக்கிட்டு இருக்கு. தன்னால திறந்துக்கும்."

"டாக்டர்ட்ட போனியா?"

"போனேன். வெதுவெதுன்னு எண்ணெய் விடச் சொன்னாரு."

"எந்த டாக்டரு?"

"பில்பர்ட் வீட்டு மாட்டுக்கு வந்தாருல்ல, அவரு. வந்தவர சும்மா விடுவானேன்னு கேட்டு வச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான். இந்தத் தடவை அடக்கவில்லை. சேவல்தான் போய்விட்டதே. சிரித்து முடித்ததும் அவன் ரொட்டியைத் தின்ன ஆரம்பித்தான்.

மணி ஒன்பதானது. ஒன்பதரையானது. யாரும் எழவில்லை. மத்தியானம் ஒரு மணிவரை வேட்டையாடலாம். எழுந்தால் அன்றைய நாள் முடிந்துவிடும் என்று இருவருக்கும் தோன்றியது போலிருந்தது.

மற்ற மாதங்களில் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவான். இரண்டு துண்டு ஆப்பிள் பை சாப்பிடுவான். தொலைக்காட்சி முன்னால் தூங்குவான். போவான். மனைவி இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறான். நானும் அப்படித்தான். ஏப்ரலில் மூன்று வாரம் மட்டும் தினமும் விடியலுக்கு முன்னால் வந்து என் வீட்டு வாசலில் ஹெட்லைட்டை இரண்டு தடவை அணைத்துப் போடுவான். அந்த மூன்று வாரத்தில்தான் நாங்கள் அக்கா தம்பி. அதைத் தொட எனக்கு விருப்பமில்லை. தொடாமல் இருந்தால் இன்னும் பத்து வருடம் ஓடும் என்று ஜனவரியிலிருந்து என்னிடமே சொல்லி வந்திருந்தேன்.

"ஒண்ணு சொல்றேன்," என்றான் ஆர்லிஸ். "நீ நகந்த. நான் திரும்புனேன். சரிக்குச் சரி. யார்ட்டயும் சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போலாம்."

நல்ல பேரமாக இருந்தது. என் தப்பும் அதில் மறைந்துவிடும்.

"சனிக்கிழமை?" என்றேன்.

"சனிக்கிழமைக்கென்ன?"

"யாரு முன்னால உக்கார்றது?"

"நான்தான். பிரதர் பின்னால. அப்படித்தான பேசிருக்கு."

"அவரு நேர் பின்னால இருப்பாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லி வைப்பேன்."

"எனக்கு யாரும் சொல்லவே வேண்டாம். இருபத்தாறு வருஷமாத் தெரியும்."

அவன் தொப்பியை நெற்றிக்கு இறக்கிக்கொண்டான்.

"அவரு பெட்டியத் தேய்ப்பாரு," என்றேன். "ஆசை வந்துரும் அவருக்கு. முதல் தடவைல்ல. இடம் நல்லாருக்கேன்னு நாலடி தள்ளி உக்காருவாரு. எனக்கே வந்துச்சு."

"நான் பாத்துச் சுடுவேன்."

"இன்னைக்குப் பாத்தியா?"

"சுடலல்ல?"

"இல்ல. சுடல."

"அப்புறம் என்ன? சுடலல்ல, வெஸ். அதையும் சேத்துச் சொல்லு." அவன் குரல் உயர்ந்தது. "நீ சொல்ல வர்றது எனக்குத் தெரியும். ஆலைக்காரன் எனக்குக் கேக் வெட்டி வேலையிலேர்ந்து அனுப்பும்போது இப்படித்தான் பேசுனான். நிதானமா. சிரிச்சுக்கிட்டு. பக்கத்துல உக்காந்து."

"நான் சிரிக்கல."

"அது ஒண்ணுதான் குறை."

அவன் எழுந்து நாலடி நடந்தான். நின்றான். துப்பாக்கி மரத்தில் சாய்ந்திருந்தது. காலி. அவன் அதைப் பார்த்தான். எடுக்கவில்லை.

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் வேட்டையை விட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு காது போனவன் காட்டுக்கு வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில், தோளோடு தோளாக உட்கார்ந்து, தொட்டுத் திசை சொல்ல என்னால் முடியும். போதகருக்குப் பக்கத்திலும் அவன் துப்பாக்கியில்லாமல் உட்காரலாம். எப்போது பேச வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லித் தரலாம். வழிகள் இருந்தன. எல்லா வழிக்கும் முன்னால் ஒரே ஒரு சொல் தேவைப்பட்டது. தெரியவில்லை என்று அவன் ஒரு தடவை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டவனோடு எங்கேயும் உட்காரலாம். சொல்லாதவனுக்குப் பின்னால் யாரையும் உட்காரவைக்க முடியாது.

அதை அவனுக்காக நான் சொல்ல முடியாது. சொன்னால் அது என் சொல்லாகிவிடும். இல்லை என்று மறுக்க அவனுக்கு வசதியாகிவிடும்.

"போலாமா?" என்றான்.

"உக்காரு கொஞ்சம்."

"எதுக்கு?"

"பெட்டைங்க இந்நேரம் முட்டைக்குத் திரும்பிருக்கும். சேவல் தனியா இருக்கும். தனியா இருந்தா பேசும்."

அது உண்மைதான். பத்து மணிக்கு மேல் அப்படிச் சேவல்களைக் கூப்பிட்டிருக்கிறோம். அவன் யோசித்துவிட்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தான். எங்கள் முழங்கால்கள் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டிருந்தன. ஓடை அவனுக்குப் பின்னால் ஓடியது. எனக்குப் பின்னால் சரிவு.

வெயில் இறங்கி வந்தது. டாக்வுட் பூக்கள் வெள்ளையாக எரிந்தன. அவன் சட்டைக் கையிலிருந்து ஒரு உண்ணியை எடுத்து நகத்தால் நசுக்கினான்.

"மார்ஜி இருந்தா என்ன சொல்லுவா தெரியுமா?" என்றான். மார்ஜி அவன் மனைவி.

"என்ன?"

"ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு வேலியச் சரிபண்ணுங்கன்னுவா."

"சொல்லுவா."

மேலே எங்கோ ஒரு காகம் கத்தியது. கரடுமுரடாக, இரண்டு தடவை.

சேவல் கூவியது.

காகம் கத்தினால் சில சமயம் அவை பொறுக்க முடியாமல் கூவிவிடும். ஒரே ஒரு கூவல். நல்ல அருகில். எந்த மரத்துக்குப் பின்னால் என்று கூட எனக்குத் தெரிந்தது.

ஆர்லிஸின் முகம் மாறியது. சிறு பிள்ளை போல் வாய் கொஞ்சம் திறந்தது. அவனுக்கும் கேட்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அவன் உடம்பு நிமிராத நாள் ஒன்றை நான் பார்த்ததில்லை. கை துப்பாக்கியின் பக்கம் போய் நின்றது. தலை திரும்பவில்லை. கண் மட்டும் என் முகத்துக்கு வந்தது. என் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தது.

அப்போதுதான் புரிந்தது. இந்த வசந்தம் முழுவதும் அவன் கேட்டது அப்படித்தான். என் முகத்தில்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தண்ணீர்ச் சத்தம். அவன் மூச்சுச் சத்தம். சருகில் அவன் பூட்ஸ் ஒரு தடவை நகர்ந்து நின்றது.

"எந்தப் பக்கம், ஆர்லிஸ்?" என்றேன்.